மூச்சுக்கல்

சிங்காரத்தின் கார் மலையில் உடைந்து நின்றதற்கு வேடியப்பசாமியின் கோபம்தான் காரணம் என்று மேலோடைப்பட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பொய். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நல்லவன் வேஷம் போட்ட மாதிரி இருக்கும்.

1986இல் சந்தவாசலில் சிங்காரத்தின் வீட்டை ஒட்டிய அறையில் வாடகைக்கு இருந்தேன். மலைக் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போடுகிற வேலை. வாரத்தில் நாலு நாள் மேலே போய்ப் புளியும் சாமையும் கடுக்காயும் நிறுத்து வாங்க வேண்டும். பஸ் காலையில் ஒரு தரம் ஏறும், சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தரம் இறங்கும். மழை பெய்தால் அதுவும் இல்லை. அதனால் மலைக்கு ஆள் ஏற்றி ஓட்டுகிற சிங்காரத்தின் காரில் போவேன்.

காரின் உடம்பு பழைய அம்பாசிடர். உள்ளே இருந்த உயிர் ஜப்பானுடையது. கப்பலில் வந்து மெட்ராசில் இறங்கிய பழைய டீசல் இன்ஜின் ஒன்றை வாங்கிவந்து பொருத்தியிருந்தார். அதற்காக அவர் மனைவி ரஞ்சிதம் தன் தாய் வீட்டில் கொடுத்த கிணற்றடிக் கழனியை விற்றாள். காலையில் வண்டி கிளம்பும்போது வாசலில் சாணம் தெளித்துக்கொண்டே, “எங்கழனி மல ஏறிப் போவுது பாருங்க சார்” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் வண்டி தெருமுனை திரும்புகிறவரை வாளியைக் கீழே வைக்க மாட்டாள்.

அந்த இன்ஜினில் டர்போ என்று ஒரு சாமான் இருந்தது. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடி சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ளும். சிங்காரம் அதை ‘ஊதுகொழல்’ என்பார். ஊதுகுழல் பிடித்துக்கொண்டால் வண்டி மேட்டில் சிட்டாகப் பறக்கும். அதே மலைக்கு ஆள் ஏற்றுகிற பஞ்சாட்சரத்தின் ஜீப் முக்கி முனகி ஏறுகிற பதினாலு வளைவையும் இது மூச்சு விடாமல் ஏறும்.

பதினாலாவது வளைவு தாண்டினால் மலை முகடு. அங்கேதான் மூச்சுக்கல் இருக்கிறது. இடுப்புயர நடுகல், அதில் வில் பிடித்த வீரன். அவன்தான் வேடியப்பன். முகட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று வளைவு இறங்கினால் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிற மாதிரி மேலோடைப்பட்டு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மேடேறித்தான் கல்லிடம் வர வேண்டும்.

நடந்து வருகிற மலை ஜனங்கள் அங்கே சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா நிற்பார்கள். பேச மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். களைப்பாறுகிறார்கள் என்று நினைத்தேன். சங்கத்துக்கு நேரத்துக்கு வராமல் இங்கே நின்று பொழுதைக் கழிக்கிறார்களே என்று எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன்.

சிங்காரம் முதல் நாள் வண்டியை மேலே கொண்டுபோனபோது முன்சீட்டில் உட்கார்ந்து வழி காட்டியவன் தங்கவேல். புளியமரம் உலுக்குவதில் மேலோடைப்பட்டில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கல் கிட்டே வந்ததும் அவன் ஏதோ சொன்னானாம். இன்ஜின் இரைச்சலில் சிங்காரம் காதில் விழுந்தது இதுதான்: சாமி முன்னால் மூச்சை அடக்க வேண்டும். உடனே சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். மலை நிசப்தமாகிவிட்டது. பின்சீட்டில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழ்நாட்டான் ஒருவன் தங்கள் சாமிக்கு இவ்வளவு மரியாதை செய்தது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

சிங்காரம் வியாபாரி. பிடித்துப்போனதை விடுவாரா? அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் கல்லுக்கு நேராக வந்ததும் சடாரென்று இன்ஜினை நிறுத்துவார். “எவ்ளோ பெரிய ஜப்பான் இன்ஜினா இருந்தா இன்னா, வேடியப்பன் முன்னாடி மூச்ச அடக்கணும்” என்பார். கற்பூரம் ஒன்று காட்டிவிட்டு மறுபடி கிளப்புவார். பஞ்சாட்சரத்தின் ஜீப்பில் ஆள் குறைந்தது. “அந்தாளு வண்டி சாமிகிட்ட உறுமிக்கினே போவுது” என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைச் சங்க வாசலில் தராசுக்குப் பக்கத்தில் நின்று பரப்பியவர்களில் நானும் உண்டு. மூன்றே மாதத்தில் பஞ்சாட்சரமும் ஜீப்பை நிறுத்தி அணைக்க ஆரம்பித்தான். ஆறு மாதத்தில் அது மலையின் வழக்கமாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக இருந்த சட்டம் மாதிரி.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. 88 மாசி மாதம் ஒரு காலையில் ரஞ்சிதம் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்போடு வெளியே வந்தாள்.

“இன்னா அது, வண்டிக்குள்ள யாரோ மொளகா இடிக்கிறாப்ல கீது?”

“பனி. சூடானா சரியாப்பூடும்” என்றார் சிங்காரம்.

“நேத்து சாயங்காலம் வந்தப்பவும் இடிச்சிது. அப்ப பனியா?”

அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

மறுநாள் கண்ணமங்கலத்துக்குப் போனோம். ரஞ்சிதத்தின் தம்பி ராஜாக்கண்ணு அங்கே மெக்கானிக். பனியனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தான். படுத்தபடியே கேள்வி கேட்டான்.

“எத்தினி மைலுக்கு ஒருக்கா ஆயில் மாத்தற மாமா?”

“நீ சொன்ன கணக்குதான்டா. ஒரு தபா தவறல.”

“டின்னு ஆயிலா, லூசு ஆயிலா?”

“சீலு ஒடச்சி எங்கண்ணு முன்னாடி ஊத்தறது.”

“மேட்ல டீசலு மிச்சம்னு பெரிய கியர்லயே இழுத்துக்கினு போறியா? ஆளு பாரம் தூக்கி முட்டி தேயற மாதிரி ராடு பேரிங்கு தேஞ்சிபூடும்.”

“அந்தப் புத்தி எங்கிட்ட இல்ல. ரெண்டாவதுலதான் ஏத்தறேன். சாரக் கேளு.”

நான் ஆமாம் என்றேன். அது உண்மைதான். வண்டியை அவர் பெற்ற பிள்ளை மாதிரி ஓட்டுவார்.

“அப்ப எப்பிட்றா ராடு தட்டுது?” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு ராஜாக்கண்ணு ஆயில் தொட்டியைக் கழற்றினான். ஆயில் மை மாதிரி வந்தது. தொட்டிக்குள் ஆயில் உறிஞ்சுகிற இடத்தில் ஒரு சல்லடை. அதை விரலால் வழித்துக் காட்டினான். தீய்ந்துபோன சாமைச்சோறு மாதிரி கறுப்புக் கறுப்பாகப் பொடி. பிறகு பிஸ்டனோடு ஏறி இறங்குகிற கனெக்டிங் ராடின் கீழ் மூடியைத் திறந்து பேரிங்கை எடுத்தான். பாதி வளையல் மாதிரி ஒரு தகடு. வெள்ளியாகப் பளபளக்க வேண்டிய உள்பக்கத்தில் கீறல் கீறலாகச் செம்பு தெரிந்தது.

“இது கரி மாமா. ஆயில் தீஞ்ச கரி.” வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து குந்தினான். “மேடு ஏறி முடிச்ச ஒடனே இன்ஜினை ஆஃப் பண்றியா?”

சிங்காரம் என்னைப் பார்த்தார். நான் ஆணியில் தொங்கிய பனியனைப் பார்த்தேன்.

“கேக்கறேன்ல மாமா?”

“ஒரு... ஒரு நிமிசம் நிறுத்துவோம். சாமிக்கு.”

ராஜாக்கண்ணு நெற்றியில் அடித்துக்கொண்டான். நெற்றியில் கறுப்பு அப்பியது. “ஊதுகொழலு நெருப்பாச் செவந்து கெடக்கும். ஆயில் அதுக்குள்ள ஓடிக்கினே இருந்தா சூடு எறங்கும். நீ சாவியத் திருப்பிட்டா ஆயில் அங்கயே நின்னு வறுபட்டுக் கரியாவுது. அந்தக் கரி தொட்டிக்கு வந்து சல்லடைய அடைக்குது. மீதி பேரிங்குக்குள்ள பூந்து பிராண்டுது. ஆயிலும் போதல, போற ஆயிலும் மண்ணு. பேரிங்கு இன்னா பண்ணும், பாவம்? ரெண்டே நிமிசம் மாமா. மெதுவா ஓடவுட்டு, அது தானா அடங்கினப்பறம் ஆஃப் பண்ணு. அவ்ளோதான்.”

“இப்ப இன்னாடா பண்றது?”

“இந்த பேரிங்கு இங்க கெடைக்காது. மெட்ராசுல சொல்லி வெச்சா வர பத்து நாளாவும். கழுவி, புது ஆயில் ஊத்தி மாட்டித் தரேன். சமதரைல ஓட்டு. மல பக்கம் தல வெச்சிப் படுக்காத.”

அன்று மதியம் ரஞ்சிதம் கொள்ளுக் குழம்பும் சோறும் போட்டாள். சிங்காரம் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

“பத்து நாளு வூட்ல குந்து. கஞ்சி ஊத்தறேன்” என்றாள் ரஞ்சிதம்.

“புளி சீசன்டி. பத்து நாளு பஞ்சாட்சரம் ஜீப்புல ஏறினவன் அப்பறம் எங்கிட்ட வருவானா?”

“சரி, போ. ஆனா அந்தக் கல்லாண்ட ஆஃப் பண்ணாத.”

“எப்பிடி பண்ணாம இருக்கறது? எல்லாரும் பாத்துக்கினு இருப்பாங்க.”

“ஆஃப் பண்ணச் சொல்லி சாமி வந்து சொல்லிச்சா?”

“நாந்தான் சொன்னேன். அதான வம்பு.”

“அப்ப நீயே மாத்திச் சொல்லு. ‘என் வண்டி வீணாப்போவுது, இனிமே ரெண்டு நிமிசம் ஓடவுட்டுதான் நிறுத்துவேன்’னு சொல்லு. மலக்காரங்க இன்னா உன்ன முழுங்கிடவா போறாங்க?”

“சாமி பேரால ஆரம்பிச்சத என் வண்டிக்காக மாத்தறேன்னா, சிரிப்பாங்கடி.”

“வேலில போற ஓணான எடுத்து மடில வுட்டுக்கினு, குத்துதே கொடையுதேன்னா?” என்று சொல்லிவிட்டு அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் சொன்னது நியாயம். அந்த நியாயத்தை நானும் சேர்ந்து சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். என்னை அவர் படித்தவன் என்று மதித்தார். ஆனால் பத்து நாள் பஸ்ஸில் போக எனக்குச் சோம்பல். அவ்வளவுதான் என் காரணம்.

மூன்றாம் நாள் வண்டி மலை ஏறியது. கல் கிட்டே வந்ததும் சிங்காரம் வண்டியை நிறுத்தினார், இன்ஜினை நிறுத்தவில்லை. அது மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் நூற்றிருபது எண்ண ஆரம்பித்தேன். இருபதுகூட ஆகவில்லை, சந்தைக்குக் கோழி கொண்டுபோய் விற்றுத் திரும்பிக்கொண்டிருந்த செல்லியம்மாள் பின்னாலிருந்து கேட்டாள்.

“இன்னாண்ணா, உங்க வண்டி இன்னிக்கி சாமி முன்னாலயே மூச்சு வுட்டுக்கினு கீது?”

வேடிக்கையாகத்தான் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சிங்காரமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினார். அடுத்த ஐந்து நாளும் திருப்பினார்.

அதற்கும் மறுநாள் நான் மேலோடைப்பட்டில் தராசைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். பங்குனி பிறந்து வெயில் காலையிலேயே பாறையைச் சுட ஆரம்பித்திருந்தது. ஓடைக்கரைப் புளியமரத்தில் தங்கவேல் உச்சிக்கிளையில் நின்று இரண்டு காலாலும் உலுக்கிக்கொண்டிருந்தான். கீழே பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பழம் பொறுக்கினார்கள். அவன் மனைவி சாந்தம்மாள் ஒரு கல்லின் மேல் புளி தட்டிக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். “போதும் எறங்குய்யா, கூழு ஆறிப்போச்சி” என்று மேலே பார்த்துக் கத்தினாள். “இந்த ஒரு கெள” என்றான். கிளை முறிந்த சத்தமும் அவன் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

ரத்தம் வெளியே அதிகம் வரவில்லை. வயிறு மட்டும் கல்லாக இறுகிக்கொண்டே வந்தது. நினைவு இருந்தது. சாந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுல்ல, ஒண்ணுல்ல” என்றான். பஸ்ஸுக்கு இன்னும் ஐந்து மணி நேரம். ஜீப் கீழே போயிருந்தது. ஊரிலிருந்தது சிங்காரத்தின் கார் மட்டும்தான்.

பின்சீட்டில் அவனைப் படுக்க வைத்தோம். தலையை மடியில் வைத்துக்கொண்டு சாந்தம்மாள். காலை மடியில் வைத்துக்கொண்டு நான். முன்னால் ஊர்க்கவுண்டர் கோபால்சாமி. சிங்காரம் விரட்டினார். இரண்டு வருஷத்தில் அப்படி அவர் வண்டியை மிதித்து நான் பார்த்ததில்லை. மூன்று வளைவு மேடும் இன்ஜின் உள்ளே இடித்துக்கொண்டே ஏறியது. மிளகாய் இடிக்கிற சத்தம் இல்லை இப்போது. நெல் குத்துகிற சத்தம்.

கல் தெரிந்ததும் கோபால்சாமி கையைக் கூப்பிக்கொண்டார். வண்டி நிற்கவில்லை.

“சிங்காரம், கல்லு...”

“உசுரு போவுது கவுண்டரே. அப்பறம் கும்பிட்டுக்கலாம்.”

கூப்பிய கையைக் கவுண்டர் பிரிக்கவே இல்லை. முகட்டைத் தாண்டி இரண்டாவது வளைவில் வண்டிக்கு அடியில் வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். வண்டி குலுங்கி நின்றது. இறங்கிப் பார்த்தோம். ராடு முறிந்து இன்ஜினின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு ஆயில் ரோட்டில் இறங்கி ஓடியது.

சாந்தம்மாளின் சேலையை இரண்டாக மடித்து மூங்கிலில் தூளி கட்டினோம். அவள் மேலே என் சட்டையைப் போட்டுக்கொண்டாள். மாற்றி மாற்றித் தூக்கினோம். சிங்காரம் மட்டும் மாற்றிக்கொள்ளவே இல்லை. முன்பக்கத் தோளை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. ஐந்தாவது வளைவு வரும்போது தங்கவேல் “ஒண்ணுல்ல” என்பதை நிறுத்தியிருந்தான். சாந்தம்மாள் தூளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். “எறக்குங்க” என்றாள். நாங்கள் இறக்கினோம். அவ்வளவுதான்.

தங்கவேல் செத்த பதினோராம் நாள் சிங்காரம் மலைக்குப் போக வேண்டும் என்றார். ரஞ்சிதம் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. துக்க வீட்டுக்கென்று ஒரு மரக்கால் அரிசியைத் துணியில் முடிந்து கொடுத்தாள். பஸ்ஸில் ஏறிப் போனோம். ஊரின் நடுவில் கோபால்சாமியும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கும் பாய் போட்டார்கள். சாமைச் சோறும் புளிச்சாறும் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் பேசினார்கள். அந்த மரியாதை இன்றைக்கும் என்னைக் கூசச் செய்கிறது.

“நிக்காம போன. சாமி நிறுத்திடுச்சி” என்றார் கோபால்சாமி. “கல்லாண்ட ஒரு கெடா வெட்டிக் கும்புட்டுட்டுப் போ. இனிமே இந்த மலைக்கு வண்டி ஓட்டாத.”

சிங்காரம் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கவுண்டரே, நான் ஒண்ணு சொல்றேன், நம்புவீங்களா? அன்னிக்கி நிக்காததால வண்டி ஒடயல. ரெண்டு வருசமா நின்னதால ஒடஞ்சிது. மேடு ஏறின சூட்டோட ஆஃப் பண்ணி, ஆஃப் பண்ணி, உள்ள தீஞ்சிபோச்சி. எம்மச்சான் சொன்னான். எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் ஓட்டினேன்.”

“அப்ப சாமி கும்பிட்டதால ஒடஞ்சிதுன்றியா?” என்று ஒருவன் எழுந்தான்.

அப்போது குடிசைக்குள்ளிருந்து சாந்தம்மாள் வந்தாள். வெறும் நெற்றி. கையில் என் சட்டை, துவைத்து மடித்தது. அதை என் முன்னால் வைத்துவிட்டுச் சிங்காரத்தைப் பார்த்தாள்.

“உங்கள யாருண்ணா ஆஃப் பண்ணச் சொன்னது?”

“உம்புருசன்தாம்மா. மொத நாளு. சாமிகிட்ட மூச்ச அடக்கணும்னு...”

“அடக்கணும்னா?” அவள் அந்தச் சொல்லைக் கையில் எடுத்துப் பார்க்கிறவள் மாதிரி நின்றாள். “அடக்கணும்னு அவுரு சொல்லியிருக்க மாட்டாருண்ணா. அடங்கணும்னுதான் சொல்லியிருப்பாரு. மேடு ஏறி எரைக்க எரைக்க வந்து கும்பிடக் கூடாது. சொமைய எறக்கி வெச்சிட்டு, மூச்சு தானா அடங்கற வரிக்கும் நிக்கணும். அப்பறந்தான் கும்பிடணும். எங்க கொழந்தைங்களுக்குக்கூடத் தெரியும். அதனாலதான அது மூச்சுக்கல்லு.”

சிங்காரம் பாயிலிருந்து எழுந்தார்.

“அப்ப நான் ஆஃப் பண்றப்போ ஒருத்தர்கூடச் சொல்லலையேம்மா?”

“வண்டிக்குன்னு நீங்க வெச்ச மொறைன்னு நெனச்சோம்” என்றாள் சாந்தம்மாள். “கீழ்நாட்டு மொற அப்பிடி போலன்னு.”

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். கோபால்சாமி ஒரு குச்சியால் தரையைக் கீறினார். பிறகு, “அடக்கறதோ அடங்கறதோ, அன்னிக்கி நிக்காம போனது போனதுதான். கெடா வெட்டிடு” என்றார். சிங்காரம் தலையாட்டினார்.

பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே கிளம்பினோம். உச்சி வெயிலில் மூன்று வளைவு மேடு. முகட்டுக்கு வந்தபோது இருவருக்கும் இரைத்தது. சிங்காரம் கல்லுக்கு எதிரே வெறும் கையோடு நின்றார். இறக்கி வைக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

கீழேயிருந்து பஞ்சாட்சரத்தின் ஜீப் ஏறி வந்தது. உள்ளேயும் மேலேயும் ஜனம். கல்லுக்கு நேராக வந்ததும் சடாரென்று இன்ஜினை நிறுத்தினான். மலை நிசப்தமாயிற்று. பஞ்சாட்சரம் கற்பூரம் காட்டினான். எங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, “சாமி முன்னாடி மூச்ச அடக்கினாத்தான் வண்டி வெளங்கும்” என்று பின்னால் இருந்தவர்களிடம் சொன்னான். அவன் ஜீப்பில் டர்போ கிடையாது. அதற்கு ஒன்றும் ஆகாது. இன்னும் இருபது வருஷம் அவன் இப்படியே மரியாதை செய்துகொண்டிருக்கலாம்.

ஜீப் கிளம்பிப் போயிற்று. சிங்காரம் அப்படியே நின்றிருந்தார். என் மூச்சு எப்போதோ சரியாகிவிட்டது. அவர் நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“போலாமா?” என்றேன்.

“இருங்க சார்” என்றார். “இன்னும் அடங்கல.”